இருள்மலை அரசி வரமாட்டாள்

இருள்மலை அரசி மூன்றாவது முறையாக றஜிந்தனைக் கொன்றபோது வியாழக்கிழமை காலை பத்தரை மணி.

"அக்கா, உது காட் இல்லை. கொலை." கையிலிருந்த அட்டைகளை மேசையில் எறிந்தான் றஜிந்தன்.

எதிரே இருந்த யதுசனுக்கு வென்ற சந்தோஷம்கூட இல்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை. அரசியை வைச்சன். மிச்சத்தை அவ பாத்துக்கொண்டா."

சாருஜா இருவரையும் முறைத்தாள். அரியாலையில் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில், கனடாவிலுள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று மாய உலக அட்டை விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஐம்பத்து நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு பலம், ஒரு விதி. படம் கீறுவதும் விதி எழுதுவதும் சாருஜா. விளையாடிப் பார்த்துக் குறை சொல்வது இந்த இரண்டு பேர். ஊரில் எல்லாரும் இலவசமாகச் செய்கிற வேலைக்கு இவர்களுக்குச் சம்பளம்.

ஐம்பத்து மூன்று அட்டைகள் தேறிவிட்டன. மிச்சம் அரசி மட்டும். வெள்ளி பின்னேரம் எல்லாம் அச்சுக்குப் போகவேண்டும். சாருஜாவின் மூன்று மாதத் தற்காலிக வேலையும் அன்றுதான் முடிகிறது. அரசி தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் சண்டிலிப்பாய்க்குத் திரும்பிப்போய், புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இவ்வளவு படிச்சு என்னத்தைக் கண்டாய்?" என்பதை ஊர்வாயால் கேட்கலாம். அவளுடைய வீட்டில் அவளுக்கு முன்னால் பட்டம் என்றால் தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏற்றுவதுதான்.

முதலாளி நிர்மலன் வேறு ரக மனிதர். பாட்டன், தகப்பன், தாய் எல்லாரும் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்திமார். "ஃபன்டசி எண்டால் மலை வேணும், பனி வேணும், ட்ராகன் வேணும்," என்பது அவர் கட்டளை. ஏறி நின்று எட்டிப் பார்க்க ஒரு மேடுகூட இல்லாத ஊரில் இருந்துகொண்டு சாருஜா மூன்று மாதமாக மலை கீறினாள். பனி எப்படியிருக்கும் என்று குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

அரசிக்கு மட்டும் அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. குணலட்சுமி மாமியை அப்படியே தூக்கி வைத்தாள். தம்பி மகளின் கலியாணத்துக்கு நேரில் வந்து சொல்லாமல் போனில் சொன்னதற்காக ஆறு வருடம் அந்த ஒழுங்கைப் பக்கமே திரும்பாத மாமி. மூக்குத்தியைக் கழற்றி, தலையில் கிரீடத்தை வைத்து, சேலைக்கு மேல் கறுப்பு அங்கி போட்டாள். அரசி தயார்.

"பலம் ஒன்பது கூடிப்போச்சு," என்று சொல்லி ஒன்பதைப் பூச்சியமாக்கினாள்.

பதினொன்றரைக்கு இரண்டு பேரும் செத்தார்கள்.

பலமில்லாதவர்களை யாரும் தாக்கக்கூடாது என்று நிர்மலன் சேர் விளையாட்டின் முதல் விதியிலேயே எழுதி வைத்திருந்தார். பெரிய இடத்துப் பண்பாடு. அரசி மேசை நடுவில் குந்தியிருந்து, சுற்றுக்கு ஓர் உயிர் என்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் தொட முடியாது.

"பலம் இல்லாட்டித்தான் இவ இன்னும் மோசம்," என்றான் யதுசன்.

"பிள்ளை, சாப்பிட வாவன்!" கீழே தாள் வெட்டும் மெசினில் வேலை செய்யும் சந்தியோகு அண்ணையின் குரல்.

சாருஜா திரும்பவில்லை. வேலைக்கு வந்த முதல்நாள் எல்லாரும் வட்டமாக இருந்து சாப்பிட்டபோது அவளை ஒருத்தரும் ஒரு சொல் கூப்பிடவில்லை. அதற்காக அவள் கோவிக்கவில்லை. கோவிப்பதற்கு அவள் என்ன மாமியா? அது கொள்கை.

பன்னிரண்டு மணிக்குப் புது விதி எழுதினாள். 'முறையாக அழைத்தால், அழைத்தவர் பக்கம் சேர்ந்து போரிடுவாள். ஓர் அழைப்புக்கு ஓர் உயிர் விலை.' அந்த முறை என்ன என்பதை ஒரு துண்டில் எழுதி, கடித உறைக்குள் வைத்து ஒட்டினாள்.

றஜிந்தன் ஓர் உயிரைக் கொடுத்து அரசியைக் கூப்பிட்டான்.

"வரமாட்டா," என்றாள் சாருஜா.

"வராட்டிப் போகட்டும். நான் என்ன விசரனே கெஞ்ச?" அரசியைத் தொட முடியாததால் அவன் யதுசன்மேல் ட்ராகனை ஏவினான். நடுவில் இருந்த அரசியிடம் ட்ராகன் செத்தது. யதுசன் தங்கப் பெட்டியை நீட்டினான். அரசி பெட்டியை வைத்துக்கொண்டு உயிரையும் எடுத்தாள்.

"முறை எண்டால் என்ன அக்கா? சொல்லுங்கோவன்," என்றான் யதுசன்.

"முறை தெரிஞ்சவைக்குத் தெரியும்."

"கூப்பிட்டாலும் சாவு, கூப்பிடாட்டிலும் சாவு. இவவுக்கு என்னதான் வேணுமாம்?"

"அதை அவ தன்ரை வாயாலை சொல்லோணுமோ?"

"பிள்ளை, சோறு ஆறுது!"

"எனக்குப் பசிக்கேல்லை அண்ணை!"

ஒரு மணிக்கு அவள் சந்தியோகு அண்ணையின் மீன்குழம்பில் பாதியை முடித்துக்கொண்டு, முறை தெரிந்த ஒரு மனிசன் இந்த உலகத்தில் இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்தினாள். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டி, பொரியலையும் அவள் பக்கம் தள்ளினார்.

வெள்ளி மூன்று மணிக்கு நிர்மலன் வந்து கதிரையைப் போட்டு இருந்தார். அவர் கண்முன்னால் பெடியள் நான்கு முறை செத்தார்கள்.

"சாருஜா, ஒருத்தராலையும் வெல்ல ஏலாதெண்டால் அதை விளையாட்டெண்டு நான் எப்பிடி விக்கிறது?" குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் திருப்பிக் கத்தலாம். "இந்தக் காட் வேண்டாம். நீரும்…"

"சேர், வெட்டுறது ஐம்பத்து மூண்டோ, ஐம்பத்து நாலோ?" சந்தியோகு அண்ணை வாசலில் நின்றார்.

நிர்மலனுக்குக் கடைசியாக ஒரு நீதி செய்துவிடலாம் என்று தோன்றியது. "இரும் சந்தியோகு. ஒரு ஆட்டம் விளையாடும். விளையாட்டுத் தெரியாத ஆளும் ஒருக்கா முயற்சி செய்யட்டும்."

அவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு றஜிந்தனுக்கு எதிரே இருந்தார். அரசியின் அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். "எத்தினை உயிர்?"

"பத்து."

"சரி. அரசியம்மா, வாங்கோ."

"வரமாட்டா," என்றாள் சாருஜா. உயிர் ஒன்று போனது.

"வாங்கோவன்."

"வேண்டாமாம்." இன்னொன்று.

"அண்ணை, வீணாச் சாகாதேங்கோ," என்று சிரித்தான் றஜிந்தன். "ட்ராகனை விடுங்கோ."

சந்தியோகு அண்ணை ட்ராகனைத் தொடவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. "உது சரி, இப்ப எழும்பி வாங்கோ. நேரமாகுதெல்லே."

சாருஜா உறையை நிர்மலனிடம் நீட்டினாள்.

அவர் கிழித்து வாசித்தார். 'மூன்றுதரம் அழைக்க வேண்டும். இரண்டு தரம் மறுப்பாள். கோவிக்கக்கூடாது.'

அரசி சந்தியோகு பக்கம் போனாள். அடுத்த சுற்றில் றஜிந்தன் செத்தான், இந்தமுறை சட்டப்படி. நிர்மலன் அட்டையிலும் கையெழுத்து வைத்தார், அவளுடைய நியமனக் கடிதத்திலும் வைத்தார்.

சாருஜா சந்தியோகு அண்ணையின் பின்னாலேயே மாடிப்படி இறங்கினாள். "அண்ணை, உங்களுக்கு எங்கடை குணலட்சுமி மாமியைத் தெரியுமோ?"

"அது ஆர்?"

"பிறகு எப்பிடி இந்த முறை தெரிஞ்சது?"

அவர் அரசியை வெட்டு மெசினுக்குள் நேராக வைத்தார்.

"மூண்டு மாசமா மத்தியானத்திலை உன்னைச் சாப்பிடக் கூப்பிடுறது நான்தானே, பிள்ளை."