ஆறு படி கீழே ஒரு காதல் பாட்டு

என் குரல் போய்விட்டது என்று நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. (என் வீட்டுக்காரிக்குத் தெரியும். அவளுக்கு எல்லாம் தெரியும்.) முடி போனால் தெருவில் போகிறவனுக்கும் தெரியும். பல் போனால் சிரிக்கும்போது தெரியும். குரல் மட்டும், பாடாமலே இருந்தால், போனது வெளியே தெரியாது. இப்படிப் பதினேழு வருடம் பாடாமலே இருந்து, பாரிசில் தமிழ்ச் சனம் கூடுகிற லா ஷப்பலில் நல்ல பாடகன் என்ற பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அந்தப் பெயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்கும் பாயசத்துக்கும் இடையில் போனது.

முதலில் யோகன் அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பாரிசுக்கு வந்த புதிதில் ஒரு பாரில், குசினியில் கோப்பை கழுவினார். அந்த பார் முதலாளிக்கு அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் சோல் பாட்டென்றால் உயிர். நாள் முழுக்க இசைத்தட்டு ஓடும். ஒருவர் முன்னால் நின்று உருகி உருகிப் பாடுவார். பின்னால் இரண்டு பேர் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்டு, விரலைச் சொடுக்கி, "ஊ... ஆ..." என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுக் கோப்பை கழுவிய யோகன் அண்ணை, தமிழ்ச் சனத்துக்கு இல்லாத குறை இது ஒன்றுதான் என்று முடிவெடுத்தார். முன்னால் நின்று உருக அவர் இருந்தார். பின்னால் நிற்க என்னையும் பத்மனையும் பிடித்தார். எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. "ஊ... ஆ..."வுக்கு அது தாராளம்.

ஊதா நிறத்தில் மூன்று கோட்டுத் தைத்தோம். துணி, ஜன்னல் சீலைத் துணி. வெயில் காலத்தில் அதைப் போட்டு ஆடினால் ஆள் அவிந்து போவான். ஆனாலும் அந்த நாளில் எங்கள் மூவரும் இல்லாமல் இங்கே கலியாணம் நடந்தது குறைவு. பத்மன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். இரண்டு எட்டு வைத்து, ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒற்றை முழங்காலில் நிலத்தில் இருப்போம். சனம் கை தட்டும்.

பிறகு ஒரு கலியாண வீடியோ வந்தது. அதில் பாட்டு முழுக்கப் பத்மனின் முகம். நான் எங்கே என்று தேடினேன். என் முழங்கை மட்டும் மூன்று இடத்தில் வந்து போனது. வீடியோக்காரருக்குப் பத்மன் மட்டன் ரோல் கொண்டுபோய்க் கொடுத்ததை நான் கண்ணால் கண்டவன். கேட்டேன். "உன்ர முகத்தைப் போட்டால் பொம்பிளை வீட்டாருக்கு வீடியோ பிடிக்காது எண்டு அவரே யோசிச்சிருப்பார்" என்றான். அன்றோடு பேச்சு நின்றது. பாட்டும் நின்றது. யோகன் அண்ணை எவ்வளவோ பார்த்தார். நாங்கள் மசியவில்லை.

பத்மன் பாரிசுக்கு வெளியே செவ்ரானில் இருக்கிறான். ஞாயிறு தோறும் மரக்கறி வாங்க லா ஷப்பலில் ரூ காய் என்ற தெருவுக்கு வருவான். நானும் போவேன். அவனுக்கு ஒரு பக்க நடைபாதை, எனக்கு மற்றப் பக்கம். யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் பதினேழு வருடத்தில் ஒருநாளும் தவறவில்லை. நல்ல முருங்கைக்காய் எப்போதும் அவன் பக்கத்துக் கடையில்தான் வரும். நான் காய்ந்ததையே வாங்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முதல் யோகன் அண்ணை போய்ச் சேர்ந்தார். செத்த வீட்டிலும் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

அதற்கு அடுத்த வருடம் அவருடைய மகள் தர்ஷி என் வீட்டுக்கு வந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவாள்.

"மாமா, அம்மாவுக்கு எழுபது வயசு வருது. ஒண்டும் வேண்டாமெண்டிட்டா. அப்பா தனக்கெண்டு கட்டின பாட்டை மட்டும் ஒருக்காக் கேக்கோணுமாம். முதல் வரி வருதாம், பிறகு வருதில்லையாம். தேடிப் பாத்தன், ஒரு ரெக்கோர்டிங்கும் இல்லை. நீங்கள் பாடினா நான் போனில எடுத்து வைப்பன்."

அந்தப் பாட்டு, அவருடைய மனைவி மணி அக்காவுக்கு விசா கிடைக்காமல் இழுபட்ட காலத்தில் யோகன் அண்ணை கட்டியது. அதில் மட்டும் எங்களுக்கும் வரி இருந்தது: ஒரு வரி எனக்கு, ஒரு வரி பத்மனுக்கு. அவர் நடுவில் நின்று உருகுவார். பத்மனின் வரி வரும்போது நான் மூச்சு எடுப்பேன். அதனால் அவனுடைய வரி என்னவென்று நான் கவனித்ததே இல்லை. என் வரிகளில் அவனும் அப்படித்தான். யோகன் அண்ணை போன பிறகு அந்தப் பாட்டில் பாதி லா ஷப்பலில் இருந்தது, பாதி செவ்ரானில் இருந்தது.

"பத்மனைக் கேட்டனியோ?"

"ஓம். சிவம் வந்தால் அவர் வரமாட்டாராம். உங்களைத்தான் மாமா."

"நானும் அதைத்தான் சொல்ல இருந்தனான்."

"வுவாலா, பாத்தியளோ. ரெண்டு பேருக்கும் ஒரே கொள்கை. பிறகென்ன சண்டை?" என்றாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அப்பாட குரலும் மறந்து போகுதாம் மாமா" என்றாள். ஒத்திகை எங்கே என்று கேட்டேன்.

லெ பிளாங்-மெனிலில் தர்ஷியின் வீட்டில் ஒத்திகை. கீபோர்டுக்குக் கார்த்திக் என்று ஒருவர் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், கம்ப்யூட்டர் வேலை, மிகவும் மரியாதையான மனிதர். சோபாவின் ஒரு முனையில் பத்மன், மறுமுனையில் நான்.

"தர்ஷி, சிவத்திட்டைச் சொல்லு, கடைசி வரியில முழங்காலில இருக்கிறதை விடப்படாது எண்டு."

"பத்மன் மாமா, அவர் உங்களுக்குப் பக்கத்திலதான் இருக்கிறார்."

"அவருக்குச் சொல்லு, எனக்கு முழங்கால் நல்லாத்தான் கிடக்கு எண்டு" என்றேன் நான். (இரண்டு முழங்காலிலும் எண்ணெய் பூசிக்கொண்டு போனவன்.)

கார்த்திக் எங்களை வாய் திறந்து பாடச் சொன்னார். "தொண்டையைச் சேமிக்கிறன்" என்றேன். "நானும்" என்றான் பத்மன், கார்த்திக்கைப் பார்த்து. இருவரும் பழைய சுருதியில், காதுக்குள் கொசு பாடுகிற அளவுக்கு முனகினோம். அவர் அதையே பிடித்து மெட்டைப் போட்டுவிட்டார். நான் வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு அதே சுருதியில் சத்தமாகப் பாடிப் பார்த்தேன். இரண்டாம் வரி ஏறவில்லை. வெளியிலிருந்து வீட்டுக்காரி, "இஞ்சருங்கோ, விழுந்துபோனியளோ?" என்று கேட்டாள்.

பிறந்தநாள் அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரூ காயில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில்தான் விருந்து, பன்னிரண்டு மணிக்கு. நான் ஒன்பதரைக்கே ஊதாக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றேன். கோட்டுப் பொத்தான் பூட்டவில்லை. அது வேறு கவலை. மேலே நடந்து பார்த்தேன், கீழே நடந்து பார்த்தேன். மிளகுத் தண்ணி குடித்தேன். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, சந்தைப் பையோடு போன ஒரு மனுசிக்குப் பக்கத்தில் மெல்ல "ஊ..." என்றேன். அவ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தா.

மேலே ஏறினேன். கார்த்திக் தனியே வயர் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். சுருதியை ரெண்டு படி இறக்கேலுமே?"

"தாராளமா சார். பட்டன் இருக்கு. ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சுது."

"எனக்கில்லை. பத்மனுக்காகக் கேக்கிறன். அவருக்கு வயசு போட்டுது. தெரிஞ்சாக் கவலைப்படுவார். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

"சொல்ல மாட்டேன் சார். பிராமிஸ்."

இறங்கி வந்தேன். அரை மணித்தியாலம் நிம்மதி. பிறகு மறுபடி கால் ஓடத் தொடங்கியது. இரண்டு படி காணுமா? இரண்டாம் வரி ஏறும், நான்காம் வரி? கடைசி இழுவை? பத்மன் இதற்குள் வந்துவிட்டிருந்தான். அவன் கழிப்பறைப் பக்கம் போகும் வரை ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, மறுபடியும் கார்த்திக்கிடம் போனேன்.

"இன்னும் ஒண்டு இறக்கிவிடும் தம்பி."

"இன்னும் ஒண்ணா சார்?" அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"ஓம். அவருக்கு இண்டைக்குத் தடிமன், மூக்கடைப்புப் போலக் கிடக்கு."

சாப்பாடு முடியும் தறுவாயில் எங்களைக் கூப்பிட்டார்கள். மணி அக்கா முன்னால், மயில் நிறச் சேலையில், கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. தர்ஷி போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் வலப்பக்கம், பத்மன் இடப்பக்கம், நடுவில் யோகன் அண்ணையின் இடத்தை வெறுமையாக விட்டோம். தொடக்கத்தில் வெறும் தாளம்தான். விரல் சொடுக்கினோம். இரண்டு எட்டு. சரியாக வந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

பிறகு கார்த்திக் சுருதியைக் கொடுத்தார். அது கிணற்றுக்கு அடியிலிருந்து வந்தது.

முதல் வரி என்னுடையது. "குளிர் ஏறுது மணியே." எவ்வளவு உருக்கமான வரி. நான் தாடையை நெஞ்சில் அழுத்தி, உள்ளே இறங்கி இறங்கிப் பார்த்தேன், சுருதி இன்னும் கீழே நின்றது. வந்தது பாட்டில்லை. லொறி ஸ்டார்ட் எடுக்கிற சத்தம். அடுத்து பத்மன்: "கதவைத் திறந்து வை மணியே." ஆசையோடு பாட வேண்டிய வரி. அவன் பாடினதைக் கேட்டால் யாரும் இருக்கிற தாழ்ப்பாளையெல்லாம் போடுவார்கள். முன் வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை தாயின் சேலைக்குள் தலையை விட்டது. ஒருவர் எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார்.

இப்படியே விட முடியாதென்று மூன்றாம் வரியில் நான் மேலே தாவினேன். மேலே ஒன்றுமே இருக்கவில்லை. கேத்தில் கொதிக்கிற மாதிரி ஒரு விசில் வந்தது. பத்மனும் தாவினான். அவனுக்கு விசிலும் வரவில்லை, காற்றுத்தான். பதினேழு வருடத்தில் முதல் தடவையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவன் கண்ணில் இருந்த பயம் அப்படியே என்னுடையது.

எப்படியோ கடைசி வரி வந்தது. சுற்றுச் சுற்றி, ஒற்றை முழங்காலில் இருந்தோம். இருந்தோம், எழும்ப முடியவில்லை. இசை நின்றுவிட்டது. மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூட இல்லை.

"டேய் சிவம்," என்றான் பத்மன். மைக் வாய்க்கு முன்னால் இருந்ததை மறந்துவிட்டான். "எழும்பேலாமக் கிடக்கடா."

"எனக்குந்தான்."

"கையைத் தா."

கொடுத்தேன். அவன் என்னை இழுக்க, நான் அவனை இழுக்க, என் கோட்டுக் கமக்கட்டில் கிழிந்தது. அந்தச் சத்தமும் மைக்கில் போனது. அதுதான் அன்றைக்குச் சுருதி சுத்தமாக வந்த ஒரே சத்தம். மண்டபம் வெடித்துச் சிரித்தது.

நான் மணி அக்காவைத்தான் பார்த்தேன். அவ சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தா.

"அவர் போனவர் நல்லாப் போனார், இதைக் கேக்காமல்," என்றா. "வரியெல்லாம் ஞாபகம் வந்திட்டுது. இன்னொருக்காப் பாடுங்கோ தம்பியவை. ஆனா இருந்து பாடுங்கோ."

இரண்டு கதிரை வந்தது. கார்த்திக் எங்களிடம் குனிந்து, "சார், இப்போ எவ்வளவு வைக்கட்டும்? ஏற்கனவே ஆறு குறைச்சிருக்கேன்" என்றார்.

"ஆறோ?" என்றோம் இருவரும்.

பத்மன் என்னைப் பார்த்தான். "நான் ரெண்டுதான் சொன்னனான். அதுவும் உனக்காக. உனக்கு வயசு போட்டுது எண்டு."

"நானும் ரெண்டுதான். உனக்காக."

"அப்ப மிச்ச ரெண்டு ஆர்?"

கார்த்திக் கையைப் பிசைந்தார். "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்" என்றார். நாங்கள் எவ்வளவு கேட்டும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. இன்று வரைக்கும் திறக்கவில்லை.

ஆறு படியையும் மேலே ஏற்றி, அதிலிருந்து எல்லோருக்கும் முன்னால் வெட்கமில்லாமல் மூன்றை இறக்கி, கதிரையில் இருந்து இரண்டாம் தடவை பாடினோம். சுமாராக வந்தது. மணி அக்கா கூடவே பாடினா. ஆனால் தர்ஷியின் போனில் அதற்குள் இடம் முடிந்துவிட்டது. அதனால் உலகத்தில் அந்தப் பாட்டுக்கு இருக்கிற ஒரே பதிவு முதல் தடவை பாடினதுதான், கோட்டுக் கிழிந்த சத்தத்தோடு. யோகன் அண்ணையின் பேரப்பிள்ளைகள் இப்போது தாத்தாவின் பாட்டென்று கரடிக் குரலில்தான் பாடுகிறார்கள், கடைசியில் வாயால் "டர்" என்றும் கிழிக்கிறார்கள். என் வீட்டில், கடைசி ரோலைக் காணவில்லை என்றாலும், யாரோ லைட்டை அணைக்காமல் போனாலும், "ஆர் செய்தது?" என்று கேட்டால் ஒரே பதில்: "மிச்ச ரெண்டு."

பத்மன் தினமும் காலையில் எனக்குப் போன் எடுப்பான். வணக்கம் கிடையாது. "டேய், ஒத்துக்கொள்ளு. மிச்ச ரெண்டும் நீதானே?" "நானில்லை, நீதான்" என்பேன். கால் மணித்தியாலம் போகும். அதில் ஒன்று என்னுடையது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மற்றது அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்கு விளங்கினால் அவனுக்கும் விளங்கியிருக்கும். ஆனாலும் அவனும் ஒத்துக்கொள்வதில்லை, நானும் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால் பிறகு எதற்குப் போன் எடுப்பது?

போன கிழமை ஒருநாள் பத்து மணியாகியும் போன் வரவில்லை. தேத்தண்ணி ஆறிக் கிடந்தது. ஜன்னலடிக்குப் போனேன், கதவடிக்கு வந்தேன், மறுபடி ஜன்னலடி. "ஒரு இடத்தில இருக்கிறியளோ, இல்லையோ" என்றாள் வீட்டுக்காரி. கடைசியில் நானே எடுத்தேன்.

"டேய், மிச்ச ரெண்டும் நீதானே?"

"பல்லு டொக்டரிட்டை நிக்கிறனடா," என்றான் வாய் நிறையப் பஞ்சோடு. "வையடா. பேந்து எடுத்துச் சண்டை பிடிக்கிறன்."

வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஆறின தேத்தண்ணியைக் குடித்தேன்.