ஏட்டையா வீட்டுக் கம்ப்யூட்டர்

பொய் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அது எனக்குக் கிடையாது. ஆனால் அடுத்தவர் நம்மைப் பற்றித் தப்பாக, அதுவும் உயர்வாக, நினைத்துக்கொண்டிருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க எந்தத் தைரியமும் வேண்டாம். அந்த வகையில் நான் கல்யாணமான புதிதில் மூன்று மாதம் ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினியராக வாழ்ந்தேன்.

வேலை பார்த்தது சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் என் வேலை, ஊழியர்களை வீட்டிலிருந்து அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் கார் அனுப்புவது. பெண் பார்க்கப் போனபோது தரகர், "மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில உத்தியோகம்" என்றார். இலஞ்சியில் என் மாமனார் வீட்டில் அதைக் கேட்டவர்கள் மீதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். என் மனைவி உலகம்மைக்கு மட்டும் உண்மை தெரியும். "நீங்களே அப்பாட்ட சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்று அவள் இரண்டு முறை சொன்னாள். சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். (அந்தச் சமயம் தானாகவே வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.)

மாமனார் காவல் துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் இன்றைக்கும் ஏட்டையாதான். ஆனி மாதம், சாரல் ஆரம்பித்திருந்த நேரம், போன் செய்தார்.

"மாப்ள, நம்ம குழலிக்கு வியாழக்கிழமை கம்ப்யூட்டர்ல இண்டர்வியூ. போன்ல பண்ணப்படாதாம், கேமரா வச்ச கம்ப்யூட்டர்தான் வேணுமாம். நம்ம வீட்டுது கெழடாயிட்டு. நீங்க லீவுக்கு வருதீங்கள்லா, கொஞ்சம் என்னன்னு பாருங்க."

குழலி என் மனைவியின் தங்கை. முழுப்பெயர் குழல்வாய்மொழி. இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். நான்கு இடத்தில் நேர்முகத் தேர்வு வரை போய்த் திரும்பியிருந்தாள். இதுவும் கிடைக்கவில்லையென்றால் தை மாதம் கல்யாணம் என்று பேச்சாகியிருந்தது. பின்னணி இவ்வளவு கனமானது என்று தெரிந்தும், "அதுக்கென்ன மாமா, பாத்துடலாம்" என்று சொன்னேன். தென்காசியில் தோழியின் லேப்டாப்பை வாங்கி வருவதாகக் குழலி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாள். மாமா அதை ரத்து செய்துவிட்டார். "வீட்டுல மாப்பிள்ளை இருக்கையில அடுத்த வீட்டு வாசல்ல போயி நிப்பியாட்டி?" என்றாராம்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயது. பூப்போட்ட துணி போர்த்தி ஹாலில் உட்கார்ந்திருந்தது. அதை ஆன் செய்துவிட்டு அத்தை காபி போட்டு முடிப்பதற்குள் திரை வந்துவிடும். மெதுவாக வேலை செய்யும், ஆனால் செய்யும். இந்தப் பின்பாதியை அப்போது நான் கவனிக்கவில்லை.

உலகம்மையோடு இலஞ்சி வந்து சேர்ந்ததும், திங்கட்கிழமை காலை தென்காசிக்குப் போய் ஒரு கடையில் புது மெமரியும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு புது டிஸ்க்கும் வாங்கினேன். கடையில் இருந்த பெண்மணி, "வேற எதுவும் மாட்டப் போறீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். என் பையில் ஆபீஸ் நண்பன் கொடுத்த ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அவன் கம்ப்யூட்டரில் இரவெல்லாம் சண்டை விளையாட்டு விளையாடுகிறவன். புதிது வாங்கியதும் பழையதை எனக்குத் தந்திருந்தான். செங்கல் அளவு, கறுப்பு நிறம், இரண்டு ஃபேன். நேர்முகத் தேர்வுக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். பார்க்க வேகமாக இருந்தது, அவ்வளவுதான்.

போனில் வீடியோவைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டினேன். செங்கலுக்கு இடம் போதவில்லை. ஒரு பக்கத்து மூடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குத் தனியாகக் கரண்ட் வேண்டுமென்று ஒரு வாய் திறந்திருந்தது. உள்ளே சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரை இணைத்தேன். சுவிட்சைப் போட்டதும் அரை நிமிஷத்தில் திரை வந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார். அத்தை அடுப்படிக்குப் போய்க் கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்தார்.

கேசரி இறங்குவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

அணையவில்லை. அப்படியே உறைந்து நின்றது. குழலி பரிசோதனைக்காகக் கேமராவைத் திறந்திருந்தாள். திரையில் அவள் முகம் ஒரு கண் மூடியபடி நின்றது. மவுஸ் அசையவில்லை. ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று ஒரே சத்தம். அணைத்துப் போட்டேன். ஓடியது. பத்து நிமிஷத்தில் மறுபடி நின்றது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும் மாமா. செட் ஆகணும்" என்றேன். (எது செட் ஆகணும் என்று கேட்கக் கூடாதா? கேட்கவில்லை. அந்த வீட்டில் மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கிற வழக்கமில்லை.)

முதலில் சூடு என்று முடிவு செய்தேன். டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து திறந்த பக்கத்தில் வைத்தேன். வீட்டில் இருந்தது ஒரே டேபிள் ஃபேன். மாமா அதன் முன்னால்தான் படுப்பார். அவர் ஓலை விசிறியை எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டர் நின்றது. அடுத்து ஈரம். குற்றாலத்துச் சாரல் இலஞ்சி வரை வந்து வீசுகிறதே, அந்த ஈரம் உள்ளே இறங்கியிருக்கும் என்றேன். ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி, உலகம்மையின் ஹேர் டிரையரை வாங்கி உள்ளே காட்டினேன். நின்றது. கடைசியில் வோல்டேஜ் என்ற முடிவுக்கு வந்து, வீட்டில் மிக்ஸி, கிரைண்டர் இரண்டையும் தடை செய்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாள் அந்த வீட்டில் சட்னி இல்லை. இட்லிக்குச் சீனி.

அத்தை மட்டும் ஒருமுறை கேட்டார். "மிக்ஸி ஓடப்படாது. தலை காய வைக்குத மிஷின் மட்டும் ஓடலாமா மாப்ள?"

"அது வேற மோட்டார் அத்தை."

"ஓ" என்று போய்விட்டார்.

அந்த வீட்டில் இருந்த எல்லாப் பொருளையும், மலையிலிருந்து வந்த காற்றையும் நான் சந்தேகப்பட்டேன். நான் கொண்டுபோய் மாட்டியதை மட்டும் சந்தேகப்படவில்லை.

இதற்கிடையில் மாமா ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். ஏதோ வீட்டுக் குறிப்பு என்று நினைத்தேன். புதன்கிழமை எதேச்சையாகப் பார்த்தேன். "காலை 10.42. மாப்பிள்ளை அவர்கள் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். குழலி கேமராவைத் திறந்தாள். 10.49. மேற்படி கம்ப்யூட்டர் நின்றது. உடனிருந்தவர்: என் மனைவி." இப்படி மூன்று பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. மீதியைப் படிக்காமல் மூடி வைத்தேன்.

புதன் மதியம் கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடியது. குழலி அறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததால் யாரும் கேமராவைத் திறக்கவில்லை. நான் அதை யோசிக்கவில்லை. சரியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பதினொரு மணி. குழலி நல்ல சேலை கட்டி மேஜை முன் உட்கார்ந்தாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுப்படி வாசலில் அத்தை மிக்ஸியின் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றார். (யாராவது மாட்டிவிடக் கூடாதாம்.) மாமா நோட்டுடன் நாற்காலியில். உலகம்மை சுவரோரம். நான் லுங்கி பனியனோடு, கையில் ஹேர் டிரையருடன், மேஜைக்கு அடியில்.

எதிரே திரையில் இரண்டு பேர், ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும். குழலி அழகாகப் பேசினாள். மேஜைக்கு அடியில் இருந்த எனக்கே வேலை கொடுக்கலாம் என்று தோன்றியது. "நாங்க ஏன் உங்களை எடுக்கணும்?" என்று அந்த அம்மா கேட்டார். "ஏன்னா நான்..." என்று குழலி ஆரம்பித்தாள்.

"ர்ர்ர்."

நான் அணைத்துப் போட்டுவிட்டு, டிரையரை உள்ளே காட்டினேன். "தண்ணி குடி, நான் சேத்து விடுதேன்" என்று குழலியை எழுப்பிவிட்டு நாற்காலியில் நானே உட்கார்ந்து இணைப்பை அழுத்தினேன். உடனே கிடைத்துவிட்டது. கேமராவும் திறந்துகொண்டது.

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "குழல்வாய்மொழி?"

"இல்லை மேடம். நான் அவ அத்தான்." ஹேர் டிரையரைத் துப்பாக்கி மாதிரி நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தேன் என்பது எனக்கே திரையில் பார்த்துத்தான் தெரிந்தது. அத்தோடு எழுந்திருக்கலாம். எழவில்லை. "சின்ன டெக்னிக்கல் பிராப்ளம். நானும் சாஃப்ட்வேர் கம்பெனியிலதான் இருக்கேன், பாத்துக்கிடுதேன்" என்றேன்.

அந்த இளைஞர் முன்னால் சாய்ந்தார். "சார், நீங்க கேப் செக்ஷன்தானே? நான் போன வருஷம் வரைக்கும் உங்க கம்பெனியிலதான் இருந்தேன்."

"நீங்க வேற யாரையோ..."

"குரல் தெரியுதே சார்! தினமும் போன்ல பேசுவோமே. 'வண்டி ரெண்டு நிமிஷத்துல வந்துரும் சார்'னு சொல்வீங்களே. ஒரு நாளாவது ரெண்டு நிமிஷத்துல வந்திருக்கா?"

குழலிக்கு நன்றாகக் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்திருந்தேன். நான்கு நாளாக ஆகாத நேரத்திலெல்லாம் உறைந்த கம்ப்யூட்டர், இப்போதாவது உறையட்டும் என்று மனதார வேண்டினேன். அப்படி ஒரு தெளிவான படத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சிரித்து, அந்த அம்மாவிடம் என் பணியை விளக்கி முடித்த பிறகுதான் அது நின்றது, பாதி திறந்த என் வாயோடு.

திரும்பிப் பார்த்தேன். உலகம்மை மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை பிளக்கைக் கீழே விட்டிருந்தார். மாமா எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

குழலிதான் பேசினாள். "நல்லாத்தான் போயிக்கிட்டிருந்துச்சு அத்தான்" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டாமல் கண் கலங்கி அதைச் சொன்னதுதான் இன்றைக்கும் நினைத்தால் சுருக்கென்கிறது.

நல்லவேளையாக அவர்களே அவளுக்குப் போன் செய்தார்கள். மூன்று மணிக்கு மறுபடி வைத்துக்கொள்ளலாம், அது கடைசி வாய்ப்பு என்றார்கள்.

மாமா சட்டையைப் போட்டார். "வாங்க" என்றார். கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, அவர் மடியில் வைத்துக்கொண்டார். நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைக்கூடத் திருத்தவில்லை. பாதி தூரம் போனதும் மாமா கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தன வண்டி?"

"நூத்தம்பது மாமா."

"மூணு ஷிப்டுமா?"

"ஆமா."

"ஒரு வண்டி வரலைன்னா?"

"இன்னொண்ணத் திருப்பி விடணும். எது பக்கத்துல இருக்குன்னு தலைக்குள்ள இருக்கணும்."

"திருவிழா பந்தோபஸ்துக்கு நான் ஆறு வேன் அனுப்பிட்டு மூணு நாள் தூங்கலை. நூத்தம்பதா?" என்றார். பிறகு குரல் மாறியது. "அப்படியாப்பட்ட வேலைய வச்சுக்கிட்டு, இதப் போயி எதுக்கு நோண்டுனீங்க மாப்ள?"

கடைக்காரப் பெண்மணி பெட்டியைத் தொடவே இல்லை. மாமா நீட்டிய நோட்டைத்தான் முதலில் வாங்கிப் படித்தார். ஒரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தார்.

"ஏட்டையா, நிக்கும்போதெல்லாம் கேமரா திறந்துருக்குன்னு எழுதிருக்கீங்க. அப்புறம் இது என்ன, 'திங்கள் காலை, சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பு நிறப் பொருள் ஒன்று உள்ளே பொருத்தப்பட்டது. அதற்கு முன் இந்த வீட்டில் கம்ப்யூட்டர் நின்றதில்லை'னு?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

கடைக்காரப் பெண்மணி ஒரு திருகைக் கழற்றி, செங்கலை வெளியே எடுத்து மேஜையில் வைத்தார். "இது கேம் விளையாடுததுக்கு உள்ளது அண்ணாச்சி. வீடியோ மாதிரி வேலை வந்தா கரண்டை இழுக்கும். உங்க பவர் சப்ளை பத்து வருஷப் பழசு, தாங்காம நின்னுருது. மெமரியும் டிஸ்க்கும் நல்லாத்தான் இருக்கு." கேமராவை மாட்டி அரைமணி நேரம் ஓடவிட்டுக் காட்டினார். நிற்கவில்லை. மேற்கொண்டு எதுவும் மாட்ட வேண்டியிருக்கவில்லை.

மூன்று மணிக்குக் குழலி மறுபடி உட்கார்ந்தாள். என்னை அருவிப் பக்கம் ஒரு நடை போய்வரச் சொன்னார்கள். போனேன். பத்து நாளில் வேலைக்கான உத்தரவு வந்தது. சேர்ந்த முதல் நாளே அந்த இளைஞர், "அத்தான் சௌக்கியமா?" என்றுதான் கேட்டாராம்.

பிறகு குழலிக்கு அவள் விருப்பப்படி, அவள் சொன்ன வருஷத்தில் கல்யாணம் நடந்தது. வண்டிகள் முழுக்க என் பொறுப்பு. மாமா சம்பந்தி வீட்டாரிடம் என்னைக் காட்டி, "மூத்த மாப்பிள்ளை. சென்னையில நூத்தம்பது வண்டி இவரு சொன்னாத்தான் நகரும்" என்றார். அதையும் நான் திருத்தவில்லை.

இப்போது குழலியின் மகளுக்கு இரண்டு வயது. போன மாதம் இலஞ்சியில் எல்லோரும் கூடியிருந்தோம். குழந்தை சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு, விழுங்காமல், எங்கேயோ பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. அருகில் இருந்தது நான்தான். கன்னத்தைத் தட்டலாமென்று கையை நீட்டினேன்.

அத்தை அடுப்படியிலிருந்து ஓடியே வந்தார்.

"விடுங்க மாப்ள, தானா ஓடும். நீங்க மட்டும் தொட்டுராதீங்க!"