நாடா அண்ணை அளந்த இருபது இடங்கள்

உல்லாசப் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்களில் கக்கூசிலிருந்து தொடங்கியவர் உலகத்திலேயே எங்கள் நாடா அண்ணை ஒருவர்தான்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அவருக்கு அடுக்குமாடிகளின் படி கழுவும் வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் அளவு நாடா இருக்கும். சொந்தப் பெயர் அவருடைய பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியில் மட்டும்தான் இருந்தது. அவருக்கு ஒரே ஆசை. ஓகஸ்டில் மூன்று கிழமை மனைவி ராணியக்காவைக் காம்பர் வண்டியில் ஏற்றிச் சிசிலி முழுவதும் சுற்றிக் காட்ட வேண்டும். கட்டிலும் அடுப்பும் உள்ள அந்தப் பழைய வண்டி, ராணியக்கா வேலை செய்யும் லிபெர்த்தா வீதி வீட்டுக் கராஜில் சும்மா நின்றது. ராணியக்காவுக்குத்தான் ஓய்வில்லை. அவர் பார்த்துக்கொள்ளும் தொண்ணூறு வயதுச் சின்யோராவின் பிள்ளைகள் ஓகஸ்டில் விடுமுறைக்குப் பறந்துவிடுவார்கள். கிழவியை விட்டு இவரால் அசைய முடியாது. நான்கு ஓகஸ்ட் இப்படியே போயிற்று.

அண்ணை மட்டும் மனம் தளராமல், காம்பர் நிறுத்தித் தங்கும் காம்பெஜ்ஜோக்களை ஞாயிறுதோறும் தேடித் திரிந்தார். வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கும்போது நான் சீண்டினேன்.

"வன்னிச் சண்டை முடிஞ்சு முகாமில இருந்தது காணாதே அண்ணை? காசு குடுத்தும் போய் இருக்கப் போறியளோ?"

"அங்கை கக்கூசுக்கு வரிசையில நிண்டனாங்கள். இஞ்சை கக்கூசை நான் தெரிஞ்செடுப்பன்," என்றார்.

ஒருநாள் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் இருந்த காம்பெஜ்ஜோவுக்கு அவரோடு கூடப் போனேன். போயிருக்கக் கூடாது. கடல் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கக்கூஸ் பீங்கானின் உயரம், கதவின் அகலம், வாசற்படி எல்லாவற்றையும் அளந்தார். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். இவர் கக்கூசின் உயரம் தெரியாமல் வண்டியை விடமாட்டார். பிறகு ஒரு பைன் மரத்தடியில் கதிரையைப் போட்டு, ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். காம்பெஜ்ஜோக்காரர் எங்களை நகரசபை அதிகாரிகள் என்று நினைத்துக் காப்பி கொண்டுவந்தார். அண்ணை குடித்துவிட்டு, "காப்பி நல்லம்" என்று புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

"அக்காவுக்கு லீவே இல்லை. பிறகேன் அண்ணை இந்த அளவெல்லாம்?"

"முன்னுக்குச் சொன்னா நடக்காது தம்பி. நடந்தாப் பிறகு சொல்லுறன்."

இப்படி இருபது இடம். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்தான்.

ஐந்தாவது ஓகஸ்டில், லிபெர்த்தா வீதியில் அந்தக் காம்பர் எனக்கு முன்னால் வந்து நின்றது. முன் ஆசனத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சின்யோரா. பின்னால் ராணியக்கா, சிரித்தபடி.

"அவவை விட்டிட்டு இவ வரேலாது. அதுதான் அவவையும் கூட்டிக்கொண்டு போறன். பிள்ளையளும் ஓமெண்டிட்டினம்," என்றார் அண்ணை. "சின்யோராவுக்கு முழங்கால் மடங்காது. கக்கூஸ் உயரமா இருக்க வேணும்."

சிசிலியைச் சுற்றப் புறப்பட்ட வண்டி அரை மணி நேரத்தில் ஸ்ஃபெர்ராகவால்லோவில் நின்றது. சின்யோராவுக்கு இடம் பிடித்துவிட்டது. இனி ஓரடி நகரமாட்டேன் என்றுவிட்டார். மற்றப் பத்தொன்பதும் புத்தகத்திலேயே கிடந்தன.

ஊருக்குச் சொல்லிச் சிரிக்க இது கிடைத்தால் நான் விடுவேனா? ஞாயிறு மத்தியானமே பஸ் ஏறினேன். அங்கே அண்ணை சின்யோராவுக்குப் பீச் பழம் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சமையல், மாத்திரை, உடுப்புத் தோய்ப்பு எல்லாம் மூன்று கிழமைக்கு அவர் பொறுப்பாம். அதே பைன் மரத்தடியில், கதிரையில் காலை நீட்டி, வாயைத் திறந்தபடி ராணியக்கா நித்திரை. அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

"மெல்லக் கதை தம்பி," என்றார் அண்ணை. "நாலு மணி மட்டும் நிழல் நிக்கும். பாத்து வைச்சனான்."

கொண்டுபோன கேலியை அப்படியே விட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சருகு நொறுங்காமல் நடந்துபோய் அண்ணையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.