காபி மண்டியில் தெரிந்த குறை

அரபு நாட்டு அம்மான் நகரின் ஜபல் ஹுசைன் பகுதியில் ஒரு செருப்புக்கடை. அதன் மாடிப்படியில் விடிந்தால் போதும், கால் வைக்க இடமிருக்காது. செருப்பு வாங்க வந்த கூட்டமல்ல; பட்டம் வாங்கிவிட்டு வேலைக்காகச் செருப்புத் தேய அலைகிற கூட்டம். மாடியில் இருப்பவர் உஸ்தாத் ஃபவ்வாஸ். குடித்த காபிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் மண்டியைப் பார்த்துப் பலன் சொல்கிறவர்.

முன்பெல்லாம் கல்யாணப் பலன்தான் பார்த்தார். வேலையில்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஊர் கேட்க ஆரம்பித்ததும் உஸ்தாத்தும் தொழிலை மாற்றிக்கொண்டார். நேர்காணலில் "உங்ககிட்ட இருக்கிற குறை என்ன?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு இவர்தான் இப்போது மருந்து. அவரவர் குறை அவரவர் மண்டியில் எழுதியிருக்கிறதாம். பொறியாளர்கள் வந்தார்கள். விஞ்ஞானம் படித்தவர்கள் வந்தார்கள். படித்ததையெல்லாம் செருப்போடு சேர்த்துக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினார்கள்.

ருபாவும் ஏறினாள். கணக்குப் படித்தவள். மூன்று நேர்காணலிலும் அந்த ஒரு கேள்வியில்தான் சறுக்கியிருந்தாள். ஓரிடத்தில் "எனக்குக் குறையே கிடையாது" என்றாள், சிரித்தார்கள். இன்னோரிடத்தில் பயத்தில் வரிசையாகப் பத்துக் குறை சொன்னாள். அவர்கள் சிரிக்கவே இல்லை. அடுத்தது மருந்துக் கிடங்கில் வேலை. அதுவும் கைவிட்டுப் போனால், அக்கா புருஷனின் திரைச்சீலைக் கடையில் உட்கார வேண்டும். அங்கே சம்பளம் கிடையாது, 'நம்ம கடைதானே' என்ற பேச்சு மட்டும் உண்டு. அந்தக் கடையை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

"எதுக்கும்மா பயப்படுற?" என்றார் உஸ்தாத், கோப்பையைச் சாய்த்துக்கொண்டே. "இதோ பாரு, ஒரு விளக்கு. பக்கத்துல ஒரு மேஜை. உன் குறை என்னன்னா, விளக்கு அணைஞ்ச பிறகும் நீ வேலையை விட்டு எழுந்திரிக்க மாட்டே."

"நான் அப்படியா உஸ்தாத்?"

"உனக்குத் தெரியாது. மண்டிக்குத் தெரியும். இதையே வார்த்தை மாறாம சொல்லு. யார்கிட்டயும் மூச்சு விடாதே, சொன்னா பலிக்காது."

ருபா தலையாட்டினாள். யார் எதை அடித்துச் சொன்னாலும் தலையாட்டுவது அவள் வழக்கம்.

நேர்காணல் அன்று கிடங்கு அலுவலகத்தில் ருபாவோடு சேர்த்து ஐந்து பேர் காத்திருந்தார்கள். பக்கத்தில் குதைபா என்ற இளைஞன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பிரார்த்தனை என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள். "விளக்கு அணைஞ்ச பிறகும்..." என்று கேட்டது.

"அண்ணே, அது என்னோட குறை" என்றாள் ருபா.

"உன்னோடதா? எனக்குன்னு தனியாப் பார்த்துச் சொன்னாரும்மா."

எதிரே இருந்த மூன்று பேரும் தலையைத் தூக்கினார்கள். ஐந்து பேருக்கும் ஒரே விளக்கு, ஒரே மேஜை. ருபாவுக்குக் கோபம் வந்தது.

அப்போது மேலாளர் அபூ ஹைஸம் வந்தார். வழுக்கைத் தலை, பெரிய தொந்தி, ஐந்து பிள்ளைகளின் தகப்பன். "ஒருத்தரும் பேச வேண்டாம். உஸ்தாத் ஃபவ்வாஸையே வரவழைச்சிருக்கேன். எல்லாரும் காபி குடிங்க. யார்கிட்ட என்ன குறைன்னு அவர் சொல்லிடுவார்" என்றார்.

கேட்டீர்களா? விண்ணப்பித்தவனுக்குக் குறையை விற்றவரே, வேலை கொடுப்பவனுக்கும் குறையை விற்க வந்திருக்கிறார். ஒரே மண்டி, இரண்டு பக்கமும் வசூல்.

எல்லோரும் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்து, தட்டில் பெயர்ச்சீட்டு வைத்தார்கள். மேலாளரும் நின்றபடியே ஒரு காபி குடித்து, பழக்க தோஷத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். ருபா அதைப் பார்த்தாள். தன் பெயர்ச்சீட்டை எடுத்து அந்தத் தட்டில் வைத்தாள். தன் கோப்பையைப் பூந்தொட்டிக்குப் பின்னால் தள்ளினாள். திரும்பினால், பணியாளர் பிரிவு அதிகாரி விதாத் அம்மாள் வாசலில் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ருபாவுக்கு உயிரே போய்விட்டது. விதாத் கோப்பைத் தட்டுகளை ஒரு தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

ஐந்து பேரையும் உள்ளே உட்கார வைத்தார்கள். உஸ்தாத் குதைபாவுக்குச் சோம்பலைக் கண்டுபிடித்தார். போன வாரம் விளக்கு அணைந்த பிறகும் எழுந்திருக்காதவன், இந்த வாரம் சோம்பேறி. பிறகு ருபாவின் பெயர் வந்தது. உஸ்தாத் கோப்பையை ஒரு தடவை பார்த்தார். ருபாவைப் பல தடவை பார்த்தார்.

"மானேஜர் ஐயா, இந்தப் பொண்ணு வேண்டாம். இதோ தெளிவாத் தெரியுது, மணப்பெண்ணோட முகத்திரை. ரெண்டே மாசத்துல கல்யாணம். வேலையைப் பாதியில போட்டுட்டுப் போயிடும்."

"அடடா" என்று அபூ ஹைஸம் பேனாவை எடுத்தார், பெயரை அடிக்க.

ருபா எழுந்தாள். "ஐயா, அது என் கோப்பை இல்லை. நீங்க குடிச்ச கோப்பை. நான்தான் மாத்தி வச்சேன்."

"என்ன விளையாட்டு இது?" என்று அவர் சீறினார்.

"நான் பார்த்தேன் ஐயா" என்றார் விதாத் அமைதியாக. "அது உங்களோடதுதான். முகத்திரை எப்போ போட்டுக்கப் போறீங்க?"

அறையே குலுங்கிச் சிரித்தது. உஸ்தாத் மட்டும் அசரவில்லை. "மண்டி பொய் சொல்லாது. ஐயாவுக்கு ரெண்டாவது கல்யாணமா இருக்கலாம்" என்றார்.

அபூ ஹைஸம் முகம் வெளுத்துவிட்டது. "யோவ், என் பொண்டாட்டி தம்பி கீழ்மாடியிலதான்யா வேலை பார்க்கிறான். வாயை மூடு" என்று அலறினார். உஸ்தாத் சால்வையை உதறிக்கொண்டு கிளம்பினார். போகிற போக்கில், நம்பிக்கையில்லாத வீட்டில் மண்டி வேலை செய்யாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிம்மா, இப்போ நீயே சொல்லு. உன்கிட்ட இருக்கிற குறை என்ன?"

அதே கேள்வி. இந்தத் தடவை ருபா பதிலைத் தேடவில்லை.

"யாராவது அடிச்சுச் சொன்னா நம்பித் தலையாட்டிடுவேன் மேடம். அப்படித்தான் அந்த மாடிப்படியும் ஏறினேன்."

"லாரிக்காரன் வந்து இருநூறு பெட்டி இறக்கிட்டேன்னு அடிச்சுச் சொன்னா?"

"போன வாரம்னா கையெழுத்துப் போட்டிருப்பேன். இனிமே எண்ணிப் பார்த்துட்டுத்தான் தலையாட்டுவேன்."

விதாத் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார் விதாத். ருபா அழுதுவிட்டாள். சந்தோஷத்தில்தான்.

செருப்புக்கடை மாடியில் இன்றும் கூட்டம் குறையவில்லை. உஸ்தாத் இப்போது பதவி உயர்வுக்குப் பலன் பார்க்கிறார். படியேறுகிறவர்களே, உங்களிடம் உள்ள குறை என்ன என்று எவனோ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யோசிக்கிற வேலையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியும் நீங்களே கொடுக்கிறீர்கள், அதுதான்.