வாயுவாகார சுவாமிகளின் எடை

1931ஆம் ஆண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பசிக்கு மட்டும் பஞ்சமில்லை. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்திலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் ஆட்களைக் கழித்துக்கட்டிய ஆண்டு. அப்படிப்பட்ட நேரத்தில் சாப்பிடாமலேயே வாழலாம் என்று ஒருவர் வந்து சொன்னால் கூட்டம் கூடாதா? கூடியது. கிள்ளானிலிருந்தும் செமினியிலிருந்தும் வந்து குவிந்தார்கள்.

வாயுவாகார சுவாமிகள் என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சோறில்லை, தண்ணீரில்லை, காற்று மட்டுமே ஆகாரம். அந்தக் காற்று அவருக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருந்தது. வயிறு மூன்று மடிப்பு. எதையும் உண்ணாதவருக்கு மக்கள் கொண்டுவந்து கொட்டியவை: பால், தேன், பழம், பஞ்சாமிர்தம். காலையும் மாலையும் எல்லாவற்றையும் அவர் தலையில் ஊற்றி அபிஷேகம் நடக்கும். அப்போது திரை போட்டுவிடுவார்கள். திரைக்குள்ளே பிரதம சீடர் வாசு காது கிழிய மணி அடிப்பார். மணியை ஏன் அவ்வளவு பலமாக அடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பந்தல் செலவைக் கூலியாட்களை வேலைக்கு வைக்கும் கண்டிராக்டர் அய்யாவு ஏற்றுக்கொண்டார். கூலியாட்கள் காற்றைத் தின்றுவிட்டு வேலைக்கு வந்தால் அவரைவிட மகிழ்கிறவர் யார்?

இப்போது இப்படி எழுதுகிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாசியில் எங்கள் ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு வயது. அதன்பின் என் மனைவி புஷ்பவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. அவளைப் பார்த்துச் சுவாமிகள் சொன்னார்:

"இது துக்கமில்ல தாயே, தவம். பத்து நாள் தண்ணி மட்டும் குடி. பதினோராம் நாள் அதையும் விட்டுடு. உன் பிள்ளை காத்தோட காத்தா உன்கிட்ட வந்துடும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காக அவள் அடுப்பை அணைத்தாள்.

சுவாமிகளும் அதே நாளில் பத்து நாள் சிறப்பு விரதம் தொடங்கினார். எதுவுமே உண்ணாதவருக்கு விரதம் எதற்கு என்று கேட்டால் பாவம். விரதத் தொடக்கத்தில் ஒரு முறை, நிறைவில் ஒரு முறை, அவர் எடைக்கு எடை வாழைப்பழம் தருவதாகப் பக்தர்கள் வேண்டிக்கொண்டார்கள். மனிதனை நிறுக்கிற தராசுக்கு எங்கே போவது? நான் வேலை பார்த்த ரயில்வே சரக்குக் கொட்டகையில் மூட்டை நிறுக்கும் எடைமேடை இருந்தது. அங்கே நிறுப்பவர் நாகையா அண்ணன். சுவாமிகளை ஏற்றி நிறுத்தார். நூற்றைம்பத்திரண்டு ராத்தல். மூட்டைக்கு எழுதுவதுபோலச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவைத்தார். பிறகு என்னையும் என் பக்கத்தில் நின்ற புஷ்பவல்லியையும் பார்த்தார்.

"தங்கச்சியையும் ஏத்து தம்பி."

"அவ எதுக்குண்ணே?"

"ஏறட்டும்லா. கூலியா கேட்டேன்?"

தொண்ணூற்றொரு ராத்தல். அதையும் எழுதினார்.

பத்தாம் நாள் காலையில் அவளை ரிக்‌ஷாவில் வைத்துத்தான் கொண்டுபோக முடிந்தது. மறுநாள் தண்ணீரையும் விட்டுவிடுவாள். வழியெல்லாம் கெஞ்சினேன். "நாளைக்குப் பாப்பா வந்துடுவா" என்று மட்டும் சொன்னாள்.

சுவாமிகள் மேடையில் ஏறினார். நூற்றைம்பத்தொன்பது!

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு, அபிஷேகத்துக்குத் தினமும் பால் கொண்டுவரும் இராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தீங்களா! நம்ம ஊரு காத்துல எம்புட்டு சத்து!"

"அதில்ல" என்றார் அய்யாவு. "நம்ம பாவத்தையெல்லாம் சுமக்குறாருலா. பாவம் கனக்காதா?"

"தங்கச்சியை ஏத்துங்க" என்றார் நாகையா.

எழுபத்தாறு.

"அதே ஊரு, அதே காத்து. இங்க பதினஞ்சு குறைஞ்சிருக்கு, அங்க ஏழு கூடியிருக்கு. மூட்டை வர்றப்ப ஒரு எடை போடுவேன், போறப்ப ஒரு எடை போடுவேன். குறைஞ்சிருந்தா எலி தின்னுச்சும்பேன். கூடியிருந்தா? எந்த எலியும் மூட்டைக்குள்ள அரிசி கொண்டாந்து போடாதுலா."

"ஞானமில்லாதவன் பேச்சு!" என்று சீறினார் சுவாமிகள்.

"அந்த ஞானத்தைத்தான் கேக்குறேன் சாமி. இங்கயே உக்காருங்க. திரை வேணாம், மணி வேணாம். பொழுது சாயறவரைக்கும் காத்தைச் சாப்பிடுங்க, நாங்க பாக்குறோம். கொட்டகைக்கு நாலு பக்கமும் திறப்புதான்."

இத்தனை பேர் முன்னால் எப்படி மறுப்பது? உட்கார்ந்தார். தகரக் கூரை, மேலே கோலாலம்பூர் வெயில். பத்து மணிக்கு உதட்டை நக்கினார். பன்னிரண்டுக்கு அவர் வயிறு போட்ட சத்தத்தில் ஏதோ ரயில் வருகிறதென்று ஒருவர் தண்டவாளத்தை எட்டிப் பார்த்தார். இரண்டு மணிக்குச் சுவாமிகள் வாய் திறந்தார்.

"அபிஷேக நேரம் தப்பிடுச்சு. தெய்வக் குத்தம் ஆயிடும்."

"பண்ணிட்டாப் போச்சு" என்று நாகையா குழாய்த் தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து, பொறுமையாக அவர் தலையில் ஊற்றினார்.

இத்தனை நாள் மணி மறைத்த சத்தம் அன்றுதான் எங்களுக்குக் கேட்டது. மடக், மடக், மடக். சுவாமிகளின் முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது, வாய் பிளந்தது, நாக்கு மீசையெல்லாம் துழாவியது, இரண்டு கையும் வாளியின் விளிம்பைப் பிடித்து இழுத்தன. வாளி காலியானது.

"இன்னொரு வாளி" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் யாரென்று அவருக்கு நினைவு வந்தது.

"பன்னெண்டு வருசத்துத் தாகம்லா, பாவம்!" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து கொட்டகை கூட்டும் வள்ளியம்மா குரல் கொடுத்தாள். கொட்டகை வெடித்துச் சிரித்தது. வாசுவைத் தேடினால், அவர் எப்போதோ காற்றாகிவிட்டிருந்தார். சுவாமிகள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் தண்டவாளம் தாண்டி ஓடினார். ஏழு ராத்தல் கூடியவர் ஓடுகிற ஓட்டமாக அது இல்லை.

புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"அப்ப பாப்பா வரமாட்டாளா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரமாட்டா புஷ்பம்."

மகளை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அழாதவள், அந்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நாகையா தம் சாப்பாட்டுத் தூக்கிலிருந்த கஞ்சியை நீட்டினார். ஒரு வாய் குடித்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். அதற்குப் பிறகு என்னோடு முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, போன தையில்தான் போனாள்.

மறுவாரமே கிள்ளானில் வெயிலை மட்டும் உண்ணும் சாமியார் ஒருவர் வந்து இறங்கினார். நிற்க இடமில்லையாம். இராஜம்மாவும் போயிருந்தாளாம். இன்றைக்கும் யாராவது வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தாராளமாகப் போங்கள், நான் தடுக்கவில்லை. ஒரே ஒரு நாள், திரையில்லாமல், அவர் பக்கத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு யோசிக்கலாம்.