பதினோராவது பொருள்: வேனுக்கு டயர்

செஞ்சி,
18-9-1965

சென்னையில் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தும் என் தம்பி சிரஞ்சீவி ஆதிநாதனுக்கு, அண்ணன் வாசுபூஜ்யன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. பகவான் கிருபையால் நானும் உன் அண்ணி மருதேவியும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ நடமாடுகிறாயா என்று ஒரு கார்டு போடு. மகள் ராஜமதி பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எட்டாம் மாதம், தலைப்பிரசவம், கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. க்ஷேம சமாசாரம் இத்தோடு முடிந்தது. இனி எழுதுவதை உன் ஆசிரியரிடம் கொடுத்து, ஓர் எழுத்துகூட வெட்டாமல் பேப்பரில் போடச் சொல். தலைப்பைக் கொட்டை எழுத்தில் போடட்டும்: ‘பொது ஆஸ்பத்திரிக் கமிட்டிக் கூட்டத்தைப் பொதுஜனம் பார்க்கும்படி நடத்த வேண்டும்.’

நம் ஊர்ப் பொது வைத்தியசாலைக்கு ஒரு வேன் உண்டு. பின்பக்க டயர் இரண்டும் வெடித்துப் போய், வேன் இப்போது செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது, உள்ளே வாட்ச்மேன் வீட்டுக் கோழி அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்துவிட்டது. இந்த வருஷம் அந்த வேனால் சுகமாகப் பெற்றுப் பிழைத்தது அந்தக் கோழி ஒன்றுதான். சிரிக்காதே தம்பி. நம் கொல்லையில் களை பறிக்க வரும் தைலம்மாளை உனக்குத் தெரியும், அவள் மூத்த மகள் வசந்தாவுக்கு ஆடி அமாவாசையன்று வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆகாது, உடனே விழுப்புரத்துக்குக் கொண்டு போங்கள் என்றார் டாக்டர். வேனோ செங்கல் மேல். பஸ்ஸெல்லாம் மேல்மலையனூருக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டது, ஊரில் இருந்த இரண்டு வாடகைக் காரும் அங்கேதான். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றினார்கள். மண்டகப்பட்டுகூடத் தாண்டவில்லை, தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் அதே வண்டியில் திருப்பிக் கொண்டு வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. ராஜமதிக்கும் இருபதுதான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பயமாக இருக்கிறது.

கமிட்டிச் செயலாளர் அரங்கநாதனிடம் போய், வேனுக்கு டயர் எப்போது என்று கேட்டேன். “அஜெண்டாவுல இருக்குதே சார், பதினோராவது பொருளா, அஞ்சு கூட்டமா இருக்குதே!” என்று பெருமையாகச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவன் நான். நகராமல் இருக்க வேண்டிய விஷயத்தைப் பட்டியலின் கடைசியில் போடும் வித்தையை நானே எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன், அது கிடக்கட்டும். டயர் வந்தால் வேன் ஓடும், வேன் ஓடினால் டிரைவர் வேண்டும், டிரைவர் யாருடைய மச்சான் என்று மெம்பர்களுக்குள் அடிதடி வரும், அதனால் ஒருவருக்கும் அவசரமில்லை. இதற்குத் தோதாகத் தலைவர் சுமதிநாத நயினார் நம்மவர், ஜைனர், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். நானும்தான் வைப்பதில்லை, அந்த விரதத்தைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நம் ஊரில் சூரியன் இரண்டு தடவை அஸ்தமிக்கிறது. முதலில் ராஜகிரி மலைக்குப் பின்னால், அப்புறம் பஞ்சாங்கப்படி. நடுவில் அரைமணி இருக்கிறது. நயினார் பார்ப்பது மலையை. சூரியன் ராஜகிரியின் தலையைத் தொட்டால் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார், அவர் எழுந்தால் கூட்டம் முடிந்தது. அதுவரை வளவளவென்று இழுத்தால் போதும் என்று மற்றவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

போன புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். நானும் தைலம்மாளும் போய், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறோம் என்றோம். “வியாதிக்காரங்க அந்தரங்கமெல்லாம் பேசுவோம் சார், வெளியாள் வரப்படாது” என்று அரங்கநாதன் கதவைச் சாத்தினார். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வேப்பமரத்தடியில் நின்றோம். தைலம்மாள் குள்ளம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, நான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. “இன்னா நைனாரே, உள்ள இன்னா பேசிக்கிறாங்கோ?” என்று என்னைக் கேட்டாள், ஜைனர் எல்லாருமே அவளுக்கு நைனார்தான். “போன கூட்டத்துல பேசினதைப் படிக்கிறாங்கம்மா.” “எம் பொண்ணு பேரு வந்துச்சா?” “இன்னும் இல்ல.” ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகைக்கு நீலம் அடிப்பதா பச்சை அடிப்பதா என்று நாற்பது நிமிஷம் போனது. “இப்போ வந்துச்சா?” காம்பவுண்டுக்குள் ஆடு வருவது பற்றி அரைமணி, ஆடு யாருடையது என்பது பற்றி இன்னொரு அரைமணி. நடுவில் எல்லாருக்கும் வடை, காபி. அந்தரங்கம் அந்தரங்கம் என்றாரே, இரண்டரை மணி நேரத்தில் ஒரு வியாதிக்காரனைப் பற்றியும் பேச்சில்லை, யாருக்கும் தெரியாமல் உள்ளே நடந்தது அந்த வடை ஒன்றுதான்.

பத்தாவது பொருள் முடிந்து, “பதினொன்று…” என்று அரங்கநாதன் வாயைத் திறந்தார். சூரியன் மலைத் தலையைத் தொட்டது. நயினார் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டேன்: “நயினாரே, உக்காருங்க! அது மலை மறைக்கிறது! பஞ்சாங்கப்படி அஸ்தமிக்க இன்னும் அரைமணி இருக்குது! கால்மணி உக்காந்துட்டுப் போனாலும் சாப்பிடலாம்!” நயினார் நல்ல மனுஷர். பஞ்சாங்கம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார், “வாஸ்தவந்தான்” என்று திரும்ப உட்கார்ந்தார். தைலம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அரங்கநாதன் எழுந்து, வெளியாள் ஒருவர் கூட்டத்தைக் கேட்டிருக்கிறார், அதை முதலில் தீர்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேச முடியும் என்றார். ஜன்னலுக்கு வெளியே நிற்பவன் கூட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா, கம்பியைப் பிடித்திருந்தால் எப்படி, பிடிக்காவிட்டால் எப்படி என்று நான் வாதாடி வாங்கிய அந்தக் கால்மணியையும் என்னைப் பற்றியே பேசித் தீர்த்தார்கள். இனி ஜன்னலையும் சாத்துவது என்று ஏகமனதாகத் தீர்மானம். பதினோராவது பொருள் ஆறாவது தடவையாக ஒத்திவைப்பு. “டயரு குடுத்துட்டாங்களா நைனாரே?” என்றாள் தைலம்மாள். “இல்லம்மா, ஜன்னலைச் சாத்தப் போறாங்க” என்றேன். “போனவ போயிட்டா. என் சின்னதுக்கும் வயித்துல ஏழு மாசம். அதுக்குத்தான் கேக்கறேன்” என்றாள்.

ஆகையால் ஆசிரியர் அவர்களே, கதவைத் திறந்து வையுங்கள் என்கிறேன். தைலம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நீலமா பச்சையா என்று நாற்பது நிமிஷம் பேச எவனுக்கு வாய் வரும்? நோயாளி சமாசாரம் வரும்போது எழுந்து போங்கள் என்றால் போகிறோம், பேசி முடித்துக் கூப்பிடட்டும், வருகிறோம். எங்கள் ஆஸ்பத்திரி, எங்கள் வேன், எங்கள் பெண்கள் சாகிறார்கள். இதில் எங்களுக்குத் தெரியக்கூடாத ரகசியம் என்ன இருக்கிறது?

தம்பி, உனக்கும் உன் மனைவி அனந்தமதிக்கும் சகல நன்மையும் உண்டாகட்டும். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் பிழை திருத்து. என் பெயரையும் தெருவையும் சேர்த்தே போடச் சொல், எனக்கு ஒருவரிடமும் பயமில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
வாசுபூஜ்யன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் சமயம் சுமதிநாத நயினாரே வீட்டுக்கு வந்துவிட்டார். ராஜமதியைப் பார்த்து, “இது நம்ம வீட்டுப் பொண்ணு. வலி கண்டதும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, என் கார் வாசல்ல வந்து நிக்கும்” என்றார். உன் அண்ணி அழுதுவிட்டாள், நானும்தான். ஆகையால் மேலே எழுதியதை ஆசிரியரிடம் காட்டாதே, படித்துவிட்டுக் கிழித்துப் போடு. க்ஷேம சமாசாரம் இருப்பதால்தான் தபாலில் சேர்க்கிறேன். நிதானமாக யோசித்தால், கண்டவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தால் கமிட்டி எப்படிக் காரியம் பார்க்கும்? எல்லாம் ஒரு முறை என்று இருக்கிறது. தைலம்மாள் காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்து, பேப்பரில் எப்போது வரும் என்று கேட்கிறாள். நான் ஊரில் இல்லை என்று ராஜமதியை விட்டுச் சொல்லச் சொன்னேன்.