பாயம்மாவுக்குப் பிடிக்காத தொட்டி

கள்ளக்குறிச்சியில் உள்ள அத்தனை டீக்கடைக்கும் தினம் போய், ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் தெரு டீத்தூள் பாய்தான். பேருக்குச் செருப்புக்கடை வைத்திருந்தார். உண்மையான தொழில், வாளியோடு கடை கடையாக ஏறி, வடிகட்டிக் கொட்டும் சக்கைத் தூளை வாங்கி வருவது. எல்லாம் அவர் வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு. அதில் ஈரச் சாக்கைப் போட்டு மூடி மண்புழு வளர்த்தார். தொட்டி இருந்தது கொல்லையில் அல்ல, சமையலறை வாசலில். வெயில் ஆகாதாம்!

அவர் மனைவி பாயம்மாவுக்குப் புழு என்றாலே உடம்பு நடுங்கும். பக்கத்து வீட்டில் குடியிருந்த எனக்கு அவர்கள் சண்டைதான் ரேடியோ.

"இன்னாங்க, இது வூடா? ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அதுங்க இருக்கணும்."

"வாயில்லாத ஜீவன், அது ஒன்ன இன்னா பண்ணுது?"

"வாயில்லாததா? கூடை கூடையாத் துன்னுதே!"

ஒரு கோடையில் புழுக்கள் வாடிப்போக, பாய் மருந்துக்கடைக்கு ஓடினார். எங்கள் பக்கம் மண்புழுவுக்கும் நாக்குப்பூச்சி என்றுதான் பெயர், வயிற்றில் இருக்கும் புழுவுக்கும் அதே பெயர்தான். வினை அங்கேதான் வந்தது.

"வூட்ல நாக்குப்பூச்சி ரொம்ப கஷ்டப்படுது. நல்ல மருந்தாக் குடுப்பா."

"பெரியவங்களுக்கா, பசங்களுக்கா பாய்?"

"பெருசு, சிறுசு எல்லாத்துக்கும்தான்."

கடைக்காரர் பெரிய பாட்டிலாகக் கொடுத்தார். பாய் அதைத் தொட்டியில் ஊற்றினார். மறுநாள் காலை தொட்டியில் ஒன்றுகூட அசையவில்லை. பாய் கடையை அடைத்துத் துக்கம் காத்தார், பாயம்மா சேமியாப் பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தார். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. பாய் பஸ் ஏறி வெள்ளிமலைக்குப் போய், ஒரு டின் நிறையப் புதுப் புழு கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம்தான் பாயம்மா படுத்தார். சோறு இறங்கவில்லை. பாய் பழத்தை உரித்து ஊட்டுவார், அவர் ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மிச்சம் தொட்டிக்குப் போகும். "இந்த வூட்ல அதுங்க மட்டுந்தான் நல்லா சாப்புடுது" என்று பாய் என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷம் அது. ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. மழை வேறு. அந்த நேரம் பார்த்துப் பாயம்மாவுக்கு மூச்சு வாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். கட்டிலோடு தூக்கினோம். வாசலில் பாயம்மா பாயின் கையைப் பிடித்தார்.

"நான் திரும்பி வர்றப்போ அந்தத் தொட்டி இருக்கக் கூடாது."

"இருக்காதும்மா. நீ வா, போதும்."

அந்த விஷயத்தில் அவர் ஒத்துக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

ஊர் எல்லையில் புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியலில் உட்கார்ந்திருந்த பையன்கள் எழுந்து வந்தார்கள். "யாரு, டீத்தூள் பாயா? பாயம்மாவுக்கு இன்னாச்சு?" வேறு எதுவும் கேட்கவில்லை. கட்டிலை அவர்களே தோளில் வாங்கிக்கொண்டு மரம் மரமாகத் தாண்டினார்கள். கடைசி மரத்தைத் தாண்டுவதற்குள் பாயம்மா போய்விட்டார்.

சொந்தக்காரர்கள் வர வழியில்லை. குழி வெட்ட அந்தப் பையன்களே வந்தார்கள். கபர்ஸ்தானில் எல்லாம் முடிந்து, மண் தள்ள வேண்டியதுதான் பாக்கி. மழையில் ஊறிய மண் குவியல், அதில் எங்கு பார்த்தாலும் மண்புழு நெளிந்துகொண்டிருந்தது. பாய் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்தினார். குவியல் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைக்குட்டையில் போட ஆரம்பித்தார்.

"நேரமாவுது பாய்" என்றான் மண்வெட்டி வைத்திருந்த பையன்.

"இருப்பா. அவளுக்கு இதுங்களக் கண்டா பயம்."

அந்தப் பையன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து பொறுக்கினோம்.